கீழே ஒரே தண்ணீர்: யாழ்ப்பாணத்தில் ஒரு காணிக்கு எத்தனை வேலை?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கமிருந்து புறப்பட்டு அளவெட்டி, கந்தரோடை, சங்குவேலி வழியாக அராலியில் கடலைச் சேரும் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறு என்று சொல்லத்தக்கது. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஆனாலும் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்போது யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ 583,000 பேர் வாழ்ந்தார்கள். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை என்று கோடையிலும் தோட்டம் செய்தார்கள். இதற்கெல்லாம் தண்ணீர் கொடுப்பது நிலத்துக்குக் கீழே கிடக்கும் சுண்ணாம்புக்கல்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மழைதான் எங்களுடைய ஆண்டு நீர் வருமானத்தின் பெரும்பங்கு. ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. அந்த நீர் மண்ணைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கி, கடலிலிருந்து அடியால் ஊடுருவி நிற்கும் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால்தான் இப்படி மிதக்க முடிகிறது. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் விதி இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது: கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மேலே 10 சென்ரிமீற்றர் குறைந்தால், காலப்போக்கில் அடியில் உவர்நீர் 4 மீற்றர் மேலே ஏறி வரலாம். சுண்ணாம்புக்கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் நிலைமை இந்த விதிக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனால் கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகிப் போனதற்குக் காரணம் இதுதான்.

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவுப்பகுதி என்று இந்த நன்னீர்த் திரள் நான்கு பெரிய பகுதிகளாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். கீரிமலைக் கேணியில் கடலோரம் ஊற்றெடுத்து வெளியேறுவதும், புத்தூர் நிலாவரைக் கிணற்றில் ஆழத்தில் கிடப்பதும் நிலத்தடி நீர்தான்.

அப்படியென்றால் காணி உறுதியில் எழுதியிருக்கும் எல்லைகள் நிலத்துக்கு மேலே மட்டும்தான். மேலே வேலி இருக்கிறது, கீழே எல்லாருக்கும் ஒரே தண்ணீர். என்னுடைய மலக்குழியும் பக்கத்துத் தோட்டத்து யூரியாவும் றோட்டோரம் அடைபட்டுக் கிடக்கும் மதகும் அதே தண்ணீரைத்தான் தொடுகின்றன. இந்தக் குடாநாட்டில் ஒரேயொரு பயனுக்கான நிலம் என்று ஒன்று இருக்கவே முடியாது. வீட்டுக்காணி என்றாலும் தோட்டக்காணி என்றாலும் ஒவ்வொரு பரப்பும் மழைநீரை உள்ளே இறக்கும் வேலையைச் செய்கிறது, அல்லது செய்யாமல் விடுகிறது. நாங்கள் திட்டமிடும்போது மட்டும் அது கண்ணில் படுவதில்லை. குளம் கமநலத் திணைக்களத்தின் கோப்பில் இருக்கிறது. பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், ஒழுங்கையும் வடிகாலும் பிரதேச சபையிடமும் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் துண்டைத் தனியாகத் திருத்துகிறது. றோட்டு உயர்ந்து அழகாகிறது, அதன் பக்கத்துக் குளத்துக்கு வந்த வெள்ளம் வராமல் போகிறது.

ஒரே நிலப்பரப்பில் உணவு, தண்ணீர், மரம், கால்நடை, மக்கள் கூடும் இடம் எல்லாவற்றையும் சேர்த்து வடிவமைப்பது பற்றி உலகத்தில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். காடும் வயலும் குளமும் ஊரும் பின்னிக் கிடக்கும் ஜப்பானின் சத்தோயாமா நிலங்களை முன்மாதிரியாக வைத்து, 2010இல் நகோயாவில் நடந்த உயிர்ப்பல்வகைமை மாநாட்டில் ஒரு சர்வதேச முயற்சியே தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பாடம் புதிதில்லை. எங்களுடைய குளமும் வேலியும் பனையும் அப்படித்தான் இருந்தன.

குளத்தை எடுப்போம். குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு என்று சொல்வார்கள். வன்னிக் குளங்களோடு ஒப்பிட்டால் இவை சின்னப் பள்ளங்கள். பலவற்றிலிருந்து வயலுக்கு வாய்க்கால்கூடப் போகாது. அதனால் வெளியாருக்கு இவை எதற்கு என்றே விளங்காது. மழைநீரைத் தேக்கி நிறுத்தி, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்குவதுதான் இவற்றின் முதல் வேலை. ஒரு குளம் நிரம்பினால் மிச்சம் வாய்க்காலால் அடுத்த குளத்துக்குப் போகும், கடைசியில் கடல்நீரேரிக்கு. வெள்ளத்தைத் தணிப்பது அதன் இரண்டாவது வேலை. தண்ணீர் நிற்கும் மாதங்களில் மாடு குளித்தது, துணி தோய்த்தார்கள், தாமரை பறித்தார்கள், மீன் பிடித்தார்கள். கோடையில் வற்றிய பிறகு அடியில் படிந்த வண்டலை வெட்டித் தோட்டத்துக்கு ஏற்றினார்கள். வண்டல் அள்ளியதால் குளமும் ஆழப்பட்டது, தோட்டத்து மண்ணும் செழித்தது. தூர்வாருவதற்கென்று யாரும் தனியாகக் காசு ஒதுக்க வேண்டி வரவில்லை, வண்டலே கூலியாக இருந்தது. இரசாயன உரம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் வண்டலைத் தேடி வருவார் குறைந்தார்கள், குளங்கள் தூர்ந்தன. தூர்ந்த குளம் பார்ப்பவனுக்கு வெறும் காணி. குப்பை கொட்டவும் கட்டடம் எழுப்பவும் அது போதும்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும் 2020 டிசம்பரில் புரேவி வந்தபோதும் ஊருக்குள் நின்ற வெள்ளத்துக்கு மழையின் அளவு மட்டும் காரணமில்லை. போவதற்கு வழியும் தங்குவதற்கு இடமும் இல்லாத நீர் அது. மாரியில் வெள்ளம் என்று படகு கேட்கிறோம், ஆவணியில் வறட்சி என்று பவுசர் கேட்கிறோம். இரண்டுக்கும் ஒரே குளம் தூர்ந்ததுதான் காரணம் என்றால் அதைத் திருத்தும் செலவும் ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்த ஒரு பரப்பில் ஆண்டுக்கு 3 இலட்சம் லீற்றருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. இரண்டு பரப்பு வளவில் வீடு கட்டி, மிச்ச முற்றத்துக்கும் சீமெந்துக் கல் பதித்து, வெள்ளத்தை றோட்டுக்குத் திருப்பி விட்டால், தன் கிணற்றுக்கு வர வேண்டியதில் பெரும்பகுதியை அந்த வீட்டார் தாமே வெளியே அனுப்புகிறார்கள். முற்றத்தில் மண் தெரிவது வறுமையின் அடையாளம் என்று எப்போது நினைக்கத் தொடங்கினோமோ தெரியாது. கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம் எங்கள் வீடுகளின் அழகாக இருந்தது, மழையை விழுங்கும் இடமாகவும் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. நிலத்தடி நீரை நிரப்ப வேண்டும் என்ற ஆர்வத்தில் கூரைத் தண்ணீரையும் றோட்டுத் தண்ணீரையும் குழாய் வைத்து நேரே கிணற்றுக்குள் விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். சுண்ணாம்புக்கல்லில் அப்படி இல்லை. வெடிப்புகள் வழியாக இறங்கும் அழுக்கு வடிபடாமலே வெகுதூரம் போய்விடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கலந்த துயரத்தை நாங்கள் மறக்கவில்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கும்படி 2019இல் தீர்ப்பு வந்தது. ஆகவே நீரை இறக்கினால் மட்டும் போதாது, புல், மண், சேறு, வேர் இவற்றுக்கூடாக இறக்க வேண்டும். குளம் அதைத்தான் செய்கிறது. கரையைச் சுற்றிச் செங்குத்தாகச் சீமெந்துச் சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, மின்விளக்கு வைத்தால் மாலையில் சனம் வந்து இருப்பதற்கு நல்ல இடம் கிடைக்கும். அதை நான் குறைவாக மதிக்கவில்லை; நகரத்துக்கு அப்படியான இடங்கள் வேண்டும். ஆனால் ஒரு பக்கமாவது சரிவான மண்கரையாக, கோரையும் புல்லும் முளைக்கும் ஓரமாக விட்டிருந்தால் அந்தக் குளம் தன் பழைய வேலைகளையும் செய்துகொண்டே இருக்கும். பறவைக்கும் தவளைக்கும் அந்த ஓரம்தான் வீடு.

வலிகாமத்துச் செம்பாட்டு மண் பொன் விளையும் மண். அதை இவ்வளவு காலம் காத்தது குழையும் ஓலையும் எருவும். வேலிக் கதியாலாக நின்ற பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை எல்லாம் ஆண்டுதோறும் வெட்டப்பட்டன. குழையில் ஒரு பங்கு ஆட்டுக்கு, மிச்சம் தோட்டத்தில் தாழ்ப்பதற்கு, தடி அடுப்புக்கு. வேலி அடைத்த பனையோலை உக்கத் தொடங்கியதும் அதைப் பிரித்து மண்ணுக்குள் புதைத்தார்கள். வேலி என்பது எல்லை மட்டும் இல்லை, ஒரு நீண்ட ஒடுங்கிய காடு. காற்றைத் தடுத்தது, குருவிக்கு இடம் கொடுத்தது, வெள்ளத்தைத் தன் அடியால் மெல்லக் கசிந்து போக விட்டது. வெளிநாட்டுக் காசு வந்த பிறகு வேலி மதிலாக மாறியது. பாதுகாப்புக்காகவும் ஆண்டாண்டு வேலி அடைக்கும் செலவு மிச்சம் என்பதற்காகவும் மதில் கட்டுகிறார்கள். இரண்டும் நியாயமான காரணங்கள். ஆனால் மதிலின் அத்திவாரம் வெள்ளத்தை மறிக்கிறது. குழை இல்லாத தோட்டத்துக்குப் பை உரம் வேண்டும். பை உரத்தின் நைதரசனில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாகக் கிணற்றுக்குப் போகிறது. மலக்குழியிலிருந்து இறங்குவதும் அதோடு சேர்கிறது. வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் சுட்டிக்காட்டின. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை; அதன் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறையும். வேலிக்கும் குழந்தையின் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், இதுதான் தொடர்பு.

பனையைப் பற்றி நீட்டத் தேவையில்லை, வாசிக்கும் எல்லாருக்கும் தெரியும். ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, பனங்கட்டி, கள்ளு, ஓலை, மரம், விறகு. தோட்டத்துக்குப் பயன்படாத மணல் நிலத்திலும் உவர் ஓரத்திலும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கியதே இந்த வளத்தை ஒரு தொழிலாக நிமிர்த்தத்தான். போரில் அழிந்த தோப்புகளுக்குப் பதிலாக வடலி நட வேண்டும், நடுகிறார்கள். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்க முடியுமா என்று எங்கள் ஊர்களில் கேட்பார்கள். பயனுக்கு வர பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் போகும். அதுவரை அந்த நிலம் வேறு ஏதாவது தராவிட்டால் காணிக்காரர் பொறுக்க மாட்டார். வடலிக்கு இடையில் புல் வளர்த்து மாடு கட்டலாம், கௌபியோ பயறோ மழையை நம்பிப் போடலாம். பனை நடும் திட்டங்கள் பலவற்றில் இந்த இடைக்காலக் கணக்கு இருப்பதில்லை.

பழைய ஆட்கள் பொது இடங்களை வடிவமைத்த முறையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒழுங்கைச் சந்தியில் ஒரு மடம், அதன் பக்கத்தில் கேணி, தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், நிழலுக்கு ஓர் ஆலமரமோ மருதமரமோ. நடந்து வருபவருக்கும் மாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் ஒரே இடத்தில் ஏற்பாடு. பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. தெருவையே கூரைக்குள் எடுத்துக்கொண்ட கட்டடம்.

ஆனால் பழையதை அப்படியே தூக்கி வைத்துப் போற்ற முடியாது. பொதுக் கிணறு, கோயில் கேணி, மடம் எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால் தண்ணீர் அள்ள விடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட மக்கள், யாராவது ஊற்றித் தரும்வரை கிணற்றடியில் காத்து நின்றார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் 1960களின் கடைசியில் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராடித்தான் உரிமையை எடுக்க வேண்டியிருந்தது. பனையின் இத்தனை பயனும் உயிரைப் பணயம் வைத்து ஏறியவர்களின் உழைப்பு. மதிப்பு அவர்களுக்குப் போகவில்லை. பல பயன் தரும் நிலம் என்று பேசும்போது அந்தப் பயன் யாருக்கு என்ற கேள்வியை வடிவமைப்பின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். குளத்தைத் திருத்தும் குழுவில் யார் இருக்கிறார்கள், குளத்தின் எந்தக் கரையில் யாருடைய வீடுகள் இருக்கின்றன, கழிவு வாய்க்கால் யாருடைய பக்கமாகத் திருப்பப்படுகிறது என்பதெல்லாம் பொறியியலின் பகுதிதான்.

பயன்கள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். அதற்குக் கடல்நீரேரியைப் போல வேறு உதாரணம் இல்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடல்நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக் கடல்நீரேரிக்கும் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் வைத்து உப்புநீரைத் தடுத்தால் ஆண்டாண்டாகப் பெய்யும் மழை உள்ளே இருக்கும் உவரைக் கழுவி வெளியேற்றும், கரையோரக் கிணறுகள் இனிக்கும், உவர் வயல்கள் விளையும். இரண்டு தடுப்பணைகளும் கட்டப்பட்டன, முழுத் திட்டம் முடிவடையவில்லை. கதவுகள் பழுதான காலங்களில் கடல் மறுபடி உள்ளே வந்தது.

பயிர் செய்பவருக்கு இந்தத் திட்டம் கனவு. ஆனால் அந்தக் கடல்நீரேரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களுக்குக் கடலோடு இருக்கும் தொடர்புதான் தொழில். இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வந்து உவர் கலந்த நீரில்தான் வளரும். கதவை எப்போதும் மூடினால் அவர்களின் வலை வெறுமை. எப்போதும் திறந்தால் தோட்டக்காரரின் கிணறு உவர். எந்தப் பக்கத்தையும் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கதவை எந்த மாதத்தில், எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு நாளைக்குத் திறப்பது என்பதை இரு பகுதியாரும் ஒன்றாக இருந்து, நீரின் உவர்த்தன்மையை அளந்து பார்த்து, மழைக்கு முன்னும் பின்னும் முடிவு செய்ய வேண்டும். கதவை இரும்பால் செய்வதைவிட அந்தக் கூட்டத்தை ஒழுங்காக நடத்துவது கடினம். ஆனால் அதுவும் திட்டச் செலவுக்குள் வர வேண்டும்.

இப்போது குழாய்த் தண்ணீரும் வந்துகொண்டிருக்கிறது. தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடிநீருக்குத் தவித்த தீவகத்துக்கும் நகரத்துக்கும் அது பெரிய ஆறுதல். கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. குழாய் வந்த வீட்டில் கிணற்றை யார் பார்ப்பார்கள்? குடிக்காத கிணற்றுப் பக்கத்தில் மலக்குழி வெட்டத் தயங்க மாட்டார்கள். குழாயால் வரும் தண்ணீரும் பாவித்த பிறகு எங்கேயாவது போக வேண்டும். இங்கே பெரும்பாலான வீடுகளின் கழிவுநீர் குழிக்குள்தான் இறங்குகிறது. வெளியிலிருந்து கொண்டுவரும் நீர் கூடக்கூட நிலத்துக்குள் இறங்கும் கழிவும் கூடும். தோட்டக்காரர் அதே நிலத்தடி நீரில்தான் வெங்காயத்துக்கு இறைக்கிறார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பிரதேச சபை எல்லையையோ கிராம சேவகர் பிரிவையோ விட்டுவிட்டு, வெள்ளம் ஓடும் வழியை ஓர் அலகாக எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வழுக்கையாறு அதற்கு ஏற்ற இடம். தொடங்கும் இடத்திலிருந்து அராலி வரை அதன் இரு பக்கமும் குளங்கள், வயல்கள், செம்பாட்டுத் தோட்டங்கள், கோயில்கள், குடிமனைகள் எல்லாம் இருக்கின்றன. கிழக்கும் மேற்குமாக எந்தெந்த ஒழுங்கையால் நீர் வந்து சேர்ந்தது என்பது வயதானவர்களுக்குத் தெரியும், அவர்கள் இருக்கும்போதே அதை ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். எந்த மதகு அடைபட்டது, எந்த மதில் மறிக்கிறது, எந்தக் குளத்தின் வரவு வாய்க்கால் வீட்டுக்காணிக்குள் போய்விட்டது என்று அந்தப் படத்திலேயே தெரியும். பிறகு வீதியைத் திருத்த வருபவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மதகு வைக்க வேண்டும். கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் மதிலின் அடியில் வெள்ளம் போகும் துவாரம் கேட்கலாம், வளவில் ஒரு பங்கை மண்ணாக விடச் சொல்லலாம். வாய்க்கால் ஓரமாக ஒரு வரிசை பூவரசும் சீமைக்கிளுவையும் வைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்கு ஆண்டுதோறும் குழை கிடைக்கும், வாய்க்காலின் ஓரத்தை யாரும் மெல்ல மெல்ல அரக்கவும் முடியாது.

இதை யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு எங்கள் உறுதிகளிலேயே ஒரு விடை உண்டு. தோட்டக்காணி உறுதிகளில் கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் பாத்தியம் என்று எழுதியிருக்கும். பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்தார்கள், கிணறு கலக்கி இறைக்கும்போது பங்குக்கு ஏற்பச் செலவைப் பிரித்தார்கள். முறை தவறியவரோடு சண்டையும் வந்தது, பஞ்சாயம் பேசித் தீர்த்தும் கொண்டார்கள். அதே ஏற்பாட்டைக் குளத்துக்கும் அதன் வரவு வாய்க்காலுக்கும் விரிக்கலாம்: தண்ணீர் இறங்குவதால் கிணறு ஊறும் வீடுகள், வண்டல் எடுக்கும் தோட்டக்காரர், மாடு விடுபவர்கள், கோயில், மீன் குத்தகை எடுப்பவர் எல்லாருக்கும் பெயர் எழுதிய பங்கும் பங்குக்கு ஏற்ற கடமையும். இந்தத் தடவை எந்தக் குடும்பமும் வெளியே நிற்கக் கூடாது. வண்டல் வெட்டும் காலம் ஆடியும் ஆவணியும். ஐப்பசி மழைக்கு முன் வரவு வாய்க்கால் துப்புரவாகியிருக்க வேண்டும். முதல் ஆண்டில் ஒரு குளமும் அதைச் சுற்றி 20 கிணறுகளும் போதும். மாரிக்கு முன்னும் பின்னும் அந்தக் கிணறுகளின் நீர்மட்டம், உவர், நைத்திரேற்று மூன்றையும் அளந்து ஊர்ச் சனசமூக நிலையத்துச் சுவரில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு எந்தக் குளத்தை எடுப்பது என்பதை ஊரே தீர்மானிக்கும்.